2008 மந்தத்தில் எந்த அமெரிக்க நகரங்கள் தாக்குப்பிடித்தன, ஏன்?

அமெரிக்கப் பொருளாதாரம் சறுக்கும் போதெல்லாம் "மந்தம் தீண்டாத நகரங்கள்" என்று ஒரு பட்டியல் கிளம்பும். ஒன்றில் ஆஸ்டின் இருக்கும், இன்னொன்றில் பிட்ஸ்பர்க், வேறொன்றில் பஃபலோ. ஆஸ்டின் வருடா வருடம் ஆள் சேர்ந்துகொண்டே போகும் ஊர். பஃபலோவோ மாநகர எல்லைக்குள் 1950ல் 5,80,000 பேர் வாழ்ந்து 2010ல் 2,61,000க்கு இறங்கிய ஊர். இரண்டும் எப்படி ஒரே வரிசையில் நிற்க முடியும்? பட்டியல் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. எதை அளந்தார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இங்கே 2007–09 மந்தத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கணக்குகள் முழுதாக வந்துசேர்ந்துவிட்டன. ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசமும் அதில் பளிச்சென்று தெரிந்தது. எந்த மந்தத்தையும் தாங்கும் ஊர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மந்தமும் சில தொழில்களை முதலில் அடிக்கிறது. அந்தத் தொழிலை நம்பியிராத ஊர் அந்த முறை தப்புகிறது.

## மந்தம் என்று யார் சொல்வது

தொடர்ந்து இரண்டு காலாண்டு உற்பத்தி குறைந்தால் மந்தம் என்பது செய்திகளில் அடிபடும் சூத்திரம். அமெரிக்காவில் அதிகாரபூர்வக் கணக்கு அப்படிப் போடப்படுவதில்லை. தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் என்றொரு தனியார் ஆய்வு அமைப்பு இருக்கிறது. அதன் குழு ஒன்று வேலைவாய்ப்பு, மக்களின் வருமானம், விற்பனை, தொழில் உற்பத்தி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, பொருளாதாரம் எந்த மாதம் உச்சியில் இருந்தது, எந்த மாதம் அடிமட்டத்தைத் தொட்டது என்று தேதி குறிக்கிறது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுதான் மந்தநிலை. 2007 டிசம்பர் உச்சி, 2009 ஜூன் அடிமட்டம், ஆக 18 மாதம் என்று குழு சொன்னது. மந்தம் தொடங்கியதையே 2008 டிசம்பரில்தான் அறிவித்தார்கள். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது.

மந்தம் முடிந்தது என்றால் சரிவு நின்றது என்றுதான் பொருள். உடம்பு தேறிவிட்டது என்று பொருளில்லை. நாட்டின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது 2009 அக்டோபரில், அதாவது மந்தம் 'முடிந்து' நான்கு மாதம் கழித்து. வேலைகளின் எண்ணிக்கை 2010 பிப்ரவரி வரை இறங்கிக்கொண்டே போனது. மொத்தம் சுமார் 87 லட்சம் வேலைகள் போயின. பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப 2014 மே ஆனது. ஆகவே ஒரு நகரம் எப்படிச் சமாளித்தது என்று பார்க்க அந்த 18 மாதம் போதாது. 2014 வரையாவது நீட்டிப் பார்க்க வேண்டும்.

## நகரம் என்பது எதுவரை

பிட்ஸ்பர்க் மாநகர எல்லைக்குள் 2010ல் வாழ்ந்தவர்கள் 3,05,000 பேர். ஆனால் பிட்ஸ்பர்க்கை நம்பி வாழ்ந்தவர்கள் 23 லட்சத்துக்கு மேல். மீதிப் பேர் சுற்றியுள்ள சிற்றூர்களில் குடியிருப்பவர்கள், அவர்களில் பலர் தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள்.

இதற்காக அமெரிக்க அரசு பெருநகரப் பகுதி என்ற அலகை வைத்திருக்கிறது. குறைந்தது 50,000 பேர் வாழும் ஒரு நகர்ப்புற மையமும், அங்கே வேலைக்கு வந்து போவோர் கணிசமாக உள்ள சுற்றுவட்டக் கவுண்டிகளும் சேர்ந்தது அது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. இந்தக் கட்டுரையில் ஊர், நகரம் என்று வருவதெல்லாம் பெருநகரப் பகுதியைத்தான் குறிக்கும். இதைக் கவனிக்காமல் ஒரு ஊருக்கு மாநகர எல்லைக் கணக்கையும் இன்னொன்றுக்குப் பெருநகரக் கணக்கையும் எடுத்து ஒப்பிடுவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு.

## அளவுகோல்கள், அவற்றில் உள்ள பள்ளங்கள்

வாஷிங்டனில் உள்ள புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2009 முதல் 100 பெரிய பெருநகரப் பகுதிகளைக் காலாண்டுக்கு ஒருமுறை தரம் பிரித்தது. வேலைகளின் எண்ணிக்கை, வேலையின்மை விகிதம், மொத்த உற்பத்தி மதிப்பு, வீட்டு விலை என்று நான்கு அளவுகோல்கள். மேல் வரிசையில் சான் அன்டோனியோ, ஆஸ்டின், ஹூஸ்டன், டாலஸ், ஓக்லஹோமா சிட்டி என்று டெக்சாஸும் அதன் அண்டை மாநிலமான ஓக்லஹோமாவும் நிறைந்திருந்தன. அளவுகோல் நான்கு வைத்ததற்குக் காரணம், ஒவ்வொன்றும் தனியாக ஏமாற்றும்.

வேலையின்மை விகிதம் என்பது வேலை தேடியும் கிடைக்காதவர்களை, வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து வரும் சதவீதம். கடந்த நான்கு வாரத்தில் தேடியிருந்தால்தான் 'தேடுபவர்' கணக்கில் வருவார். ஒரு ஊரில் இந்த மொத்தம் 1,00,000 பேர், வேலை இல்லாதவர் 8,000 பேர் என்றால் விகிதம் 8 சதவீதம். அதில் 2,000 பேர் சலித்துப்போய்த் தேடுவதை விட்டுவிட்டார்கள், அல்லது ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 98,000ல் 6,000. விகிதம் 6.1 சதவீதம். ஒரு வேலைகூடப் புதிதாக வரவில்லை, ஆனால் காகிதத்தில் ஊர் தேறிவிட்டது. இதன் மறுபக்கமும் உண்டு. வெளியூரிலிருந்து ஆட்கள் வேலை தேடி வந்து குவியும் ஊரில் வேலைகள் கூடிக்கொண்டிருந்தாலும் விகிதம் ஏறும். மந்தத்தின்போது டெக்சாஸ் நகரங்களில் நடந்தது இது.

வீட்டு விலையும் அப்படித்தான். விலை விழவில்லை என்பதற்கு ஊர் வலுவாக இருந்தது ஒரு காரணம். முன்பு ஏறவே இல்லை என்பது இன்னொரு காரணம்.

இதுவரை சொன்னது இவ்வளவு: மந்தத்தின் தேதி வேறு, அதன் வலி வேறு. ஊரை அளக்கப் பெருநகரப் பகுதியை எடுக்க வேண்டும். ஒற்றை எண்ணை நம்பக் கூடாது. முடிந்தால் வேலைகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

## ஒரு தெரு, மூன்று வீடு

ஒரு தெருவில் மூன்று குடும்பம். முதல் வீட்டில் கொத்தனார், இரண்டாம் வீட்டில் அரசு மருத்துவமனை நர்ஸ், மூன்றாம் வீட்டுக்காரர் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிறார். ஊரில் கட்டட வேலை நின்றுபோனால் கொத்தனாருக்கு அந்த வாரமே கூலி இல்லை. நர்ஸுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும். டீக்கடைக்காரர் கதி அவர் கையில் இல்லை. தெருவில் கொத்தனார்கள் அதிகமா நர்ஸுகள் அதிகமா என்பதைப் பொறுத்தது அது.

நகரத்துக்குள்ளும் இதே அமைப்புதான். ஊருக்கு வெளியே விற்று, வெளிப் பணத்தை உள்ளே கொண்டுவரும் தொழிலுக்கு அடித்தளத் தொழில் என்று பெயர். கார் ஆலை, எண்ணெய் நிறுவனத் தலைமையகம், ராணுவ முகாம், பெரிய பல்கலைக்கழகம், சூதாட்ட விடுதி எல்லாம் இதில் சேரும். முடிதிருத்தகம், மளிகைக்கடை, பல் மருத்துவர், உணவகம் போன்றவை அந்தப் பணம் ஊருக்குள் சுற்றுவதால் பிழைப்பவை. அடித்தளத்தில் ஒரு வேலை போனால் பின்னாலேயே உள்ளூர் வேலைகளும் சில போகும். இது பெருக்கு விளைவு.

ஊர் ஒரு தொழிலில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்ட எளிய வகுத்தல் ஒன்று உண்டு. ஊரின் வேலைகளில் அந்தத் தொழிலின் பங்கை, நாட்டின் வேலைகளில் அதன் பங்கால் வகுக்க வேண்டும். இதைச் செறிவு எண் என்று வைத்துக்கொள்வோம். 1 வந்தால் நாட்டின் சராசரி. 2 வந்தால் இரு மடங்கு சார்பு. 5 வந்தால் அந்தத் தொழிலுக்கு வரும் தும்மல் ஊருக்கு ஜுரம்.

## ஜுரம் வந்த ஊர்கள்

இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் அப்படிப்பட்ட ஊர். படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே வைத்த சுற்றுலா வண்டிகளைக் கட்டும் தொழில் அந்த வட்டாரத்தில்தான் குவிந்திருக்கிறது. மந்தத்துக்கு முன் ஊரின் வேலைகளில் ஏறக்குறைய பாதி ஆலை வேலை. நாட்டில் அந்தப் பங்கு சுமார் 10 சதவீதம்தான். செறிவு எண் 5 பக்கம் வருகிறது. சுற்றுலா வண்டி யாருக்கும் அவசரத் தேவை இல்லை. கடனில் வாங்குவார்கள், பெட்ரோலும் நிறையக் குடிக்கும். 2008 கோடையில் பெட்ரோல் ஒரு கேலன் 4 டாலரைத் தாண்டியது. அதே வருடம் வங்கிகள் கடன் கொடுப்பதை இறுக்கின. வாங்குபவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 2009 தொடக்கத்தில் எல்க்ஹார்ட்டில் வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது. அதிபர் ஒபாமா பதவியேற்ற மூன்றாம் வாரமே அங்கே போய் நின்றதற்குக் காரணம் அதுதான்.

லாஸ் வேகாஸின் கதை வேறு. சூதாட்டம் அதன் பழைய தொழில். 2000களில் அதைவிட வேகமாக வளர்ந்தது கட்டடத் தொழில். 2006ல் ஊரின் வேலைகளில் சுமார் 12 சதவீதம் கட்டடத் துறையில் இருந்தது. நாட்டில் 6 சதவீதத்துக்கும் குறைவு. வீடு கட்ட ஆட்கள் வந்தார்கள், வந்த ஆட்களுக்கு வீடு தேவைப்பட்டது, அதைக் கட்ட மேலும் ஆட்கள் வந்தார்கள். தன் வாலைத் தானே தின்னும் வளர்ச்சி அது. கடன் நின்றதும் சுழற்சி அப்படியே திரும்பி ஓடியது. வீட்டு விலை உச்சியிலிருந்து பாதிக்கு மேல் விழுந்தது. சூதாட்டச் சாலையில் ஃபோன்டென்புளூ என்ற விடுதிக் கோபுரத்தின் கட்டுமானம் 2009ல் நின்றது. கை மாறி, கை மாறி, அது விருந்தாளிகளுக்குக் கதவு திறந்தது 2023 டிசம்பரில்.

## டெக்சாஸ் ஏன் தாங்கியது

டெக்சாஸும் அடி வாங்கியது. மாநிலம் 4 லட்சத்துக்கு மேற்பட்ட வேலைகளை இழந்தது, வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் அங்கே வேலைகள் 2008 ஆகஸ்ட் வரை கூடிக்கொண்டே இருந்தன. நாடு சரியத் தொடங்கி எட்டு மாதம் கழித்துத்தான் டெக்சாஸ் சரிந்தது. 2011 இறுதிக்குள் இழந்ததை மீட்டும்விட்டது. நாட்டுக்கு இன்னும் இரண்டரை வருடம் பிடித்தது. தாமதமாக விழுந்தது, ஆழம் குறைவாக விழுந்தது, சீக்கிரம் எழுந்தது: மூன்றும் சேர்ந்ததால்தான் அதன் நகரங்கள் பட்டியலின் மேலே வந்தன.

காரணம் கேட்டால் பலரும் எண்ணெய் என்று முடித்துவிடுவார்கள். எண்ணெய் பாதிக் காரணம். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை போனது. நாடு முழுக்க ஓட்டுநர்கள் புலம்பியபோது ஹூஸ்டனுக்கு அது வருமானம். வருட இறுதியில் விலை நொறுங்கியபோது ஹூஸ்டனும் சறுக்கியது. எண்ணெய் மட்டுமே காரணமென்றால் எண்ணெயை அவ்வளவாக நம்பாத சான் அன்டோனியோவும் ஆஸ்டினும் விழுந்திருக்க வேண்டும்.

இன்னொரு பாதி வீட்டுக்கடனில் இருக்கிறது. இதைப் பற்றி வெளியே பேச்சு குறைவு என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வீட்டின் இன்றைய விலையிலிருந்து பாக்கிக் கடனைக் கழித்தால் வருவது உரிமையாளரின் சொந்தப் பங்கு. விலை ஏற ஏற அந்தப் பங்கும் ஏறும். அதை அடமானம் வைத்து ரொக்கம் எடுப்பது 2000களில் பல மாநிலங்களில் வாடிக்கை ஆகிவிட்டது. டெக்சாஸில் அப்படி ரொக்கம் எடுப்பதே 1997 வரை தடை. குடியிருக்கும் வீட்டைக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து காக்கும் 19ஆம் நூற்றாண்டுச் சட்டத்தின் நீட்சி அது. 1997ல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி அனுமதித்தபோதும், எல்லாக் கடனும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்போட்டார்கள்.

இந்தக் கட்டு என்ன செய்தது என்பதற்கு ஒரு கணக்கு. வீட்டின் விலை 2,00,000 டாலர், பாக்கிக் கடன் 1,30,000. டெக்சாஸில் மொத்தக் கடன் 1,60,000 வரைதான் போகலாம் என்பதால் உரிமையாளர் எடுக்கக்கூடியது 30,000. கட்டுப்பாடு இல்லாத மாநிலத்தில், தாராளமான வங்கி ஒன்று கிடைத்தால், 70,000த்தையும் எடுத்துவிடலாம். இப்போது விலை 10 சதவீதம் விழுந்து 1,80,000 ஆகிறது. டெக்சாஸ்காரருக்கு வேலை போனாலும் வீட்டை விற்று, கடனை அடைத்து, 20,000 டாலருடன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போகலாம். மற்றவர் விற்றாலும் 20,000 கையிலிருந்து போட வேண்டும். இப்படிக் கடன் வீட்டின் விலையைவிடப் பெரிதாகிவிட்ட நிலையை மூழ்கிய கடன் என்பார்கள். அவரால் விற்கவும் முடியாது, நகரவும் முடியாது. தவணை தவறினால் வீடு ஜப்தி. ஜப்தியான வீடு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும்போது தெருவில் மற்ற வீடுகளின் விலையும் அதோடு இறங்கும், மேலும் சிலர் மூழ்குவார்கள்.

வீடு வாங்கும்போது எடுக்கும் முதல் கடனுக்கு இந்த 80 சதவீதக் கட்டு கிடையாது. அதோடு, விலை பாதியாக விழுந்தால் எந்தக் கட்டும் காப்பாற்றாது. டெக்சாஸில் விலை அவ்வளவு விழவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சமவெளி நிலம் தாராளம், கட்ட அனுமதி சுலபம். ஹூஸ்டனில் எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று பிரிக்கும் மண்டலச் சட்டமே இல்லை. ஆட்கள் வந்தால் விலை ஏறுவதற்குள் வீடு எழும்பிவிடும். டாலஸில் உச்சியிலிருந்து அடிமட்டம் வரை வீழ்ச்சி 11 சதவீதம் அளவில் நின்றது. (நிலம் தாராளமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபீனிக்ஸிலும் பாலைவனம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. அங்கே விலை பாதிக்கு மேல் விழுந்தது. முதலீட்டுக்காக வாங்கிக் குவித்தவர்கள் அங்கே அதிகம்.)

சான் அன்டோனியோவை இன்னும் நெருங்கிப் பார்த்தால் அடித்தளத் தொழில்களின் கலவை தெரியும். ராணுவ முகாம்கள் ஒரு பக்கம். 2005ல் எடுத்த முடிவின்படி நாட்டின் ராணுவ மருத்துவப் பயிற்சியை அங்கே குவித்தார்கள், அதற்கான கட்டட வேலை மந்தக் காலத்திலேயே நடந்தது. ராணுவக் குடும்பங்களுக்குக் காப்பீடும் வங்கிச் சேவையும் தரும் யூஎஸ்ஏஏ நிறுவனத்தின் தலைமையகம் இன்னொரு பக்கம். டொயோட்டாவின் பிக்கப் ஆலையும் இருந்தது. 2008ல் விற்பனை சரிந்தபோது அந்த ஆலை சுமார் மூன்று மாதம் வண்டி உற்பத்தியை நிறுத்தியது. நிரந்தர ஊழியர்களை அனுப்பிவிடாமல் சம்பளம் கொடுத்துப் பயிற்சியிலும் ஆலைச் சீரமைப்பிலும் ஈடுபடுத்தியது. 2010ல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை மூடப்பட்டபோது டக்கோமா வண்டிகளின் உற்பத்தி சான் அன்டோனியோவுக்கு வந்தது.

சுருக்கமாக: வெளிப் பணம் ஒரே வாசல் வழியாக வரவில்லை, வீட்டு விலை ஊதவில்லை, கடன் வாங்கியவர்கள் மூழ்கவில்லை. மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தன.

## சத்தமில்லாத சமவெளி

நெப்ராஸ்காவின் ஒமாஹாவும் லிங்கனும் செய்திகளில் அதிகம் வரவில்லை. அந்த மாநிலத்தின் வேலையின்மை 5 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஒமாஹாவில் காப்பீடு, ரயில்வே, உணவுப் பதனம். லிங்கனில் மாநிலத் தலைமையகமும் பல்கலைக்கழகமும். வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ, பிஸ்மார்க் நிலைமை இன்னும் மேல். விளைபொருள் விலை நன்றாக இருந்தது, மேற்கில் பாக்கன் பாறைப் படிவத்திலிருந்து எண்ணெய் எடுப்பதும் சூடுபிடித்தது. நாடு 10 சதவீதத்தில் தவித்தபோது அந்த மாநிலம் 4ஐ ஒட்டி நின்றது. ஆனால் இவை சிறிய ஊர்கள். மியாமியில் வேலை இழந்த லட்சம் பேரை ஃபார்கோ ஏற்க முடியாது.

## பிட்ஸ்பர்க்: முன்பே விழுந்த ஊர்

2009 செப்டம்பரில் ஜி20 மாநாட்டை பிட்ஸ்பர்க்கில் நடத்த அமெரிக்கா முடிவெடுத்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். எஃகுத் தொழில் உதிர்ந்த 1983 ஜனவரியில் அந்த வட்டாரத்தின் வேலையின்மை 17 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இளைஞர்கள் மூட்டை கட்டினார்கள். 2008ல் ஊர் தாங்கியதன் வேர் அந்தப் பழைய சரிவில் இருக்கிறது. விழக்கூடிய ஆலைகள் கால் நூற்றாண்டுக்கு முன்பே விழுந்துவிட்டன. ஆட்கள் வெளியேறிய ஊரில் வீட்டு விலை ஊதவும் இல்லை.

மிச்சம் இருந்த இடத்தை மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் நிரப்பின. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனைக் குழுமமான யூபிஎம்சி அந்த வட்டாரத்தின் மிகப் பெரிய வேலை வழங்குநராகிவிட்டது. 2008ல் அதன் பெயர்ப்பலகையை ஏற்றியது 64 மாடி யூ.எஸ். ஸ்டீல் கோபுரத்தின் உச்சியில். மருத்துவமனைக்குப் பணம் பெரும்பகுதி முதியோருக்கான மெடிகேர் போன்ற அரசுத் திட்டங்களிலிருந்தும் காப்பீட்டிலிருந்தும் வருகிறது. மந்தம் வந்தாலும் இடுப்பெலும்பு முறிந்தவர் சிகிச்சையைத் தள்ளிப்போட மாட்டார். கல்லூரிகளிலோ, வேலை கிடைக்காதவர்கள் வந்து சேர்வதால் மாணவர் எண்ணிக்கை மந்தத்தில் கூடத்தான் செய்யும்.

## அரசு ஊர்கள்: எந்த அரசு என்பதைப் பாருங்கள்

வாஷிங்டன் வட்டாரத்தின் வேலையின்மை 7 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஃபெடரல் அரசு, அதாவது நாட்டின் மத்திய அரசு, கடன் வாங்கிச் செலவழிக்கலாம். மந்தத்தில் அது அதிகமாகவே செலவழித்தது. 2009 பிப்ரவரியில் வந்த 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டத்தை நிர்வகிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இதை வைத்து, அரசு வேலை உள்ள ஊரெல்லாம் பாதுகாப்பு என்று முடிவு கட்டினால் சாக்ரமெண்டோவில் மாட்டிக்கொள்வோம். அது கலிபோர்னியாவின் தலைநகர். வெர்மான்ட் தவிர ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்கியே ஆக வேண்டும் என்ற விதியில் கட்டுண்டவை. மந்தத்தில் வரி வருமானம் விழுந்ததும் அவை செலவை வெட்டின. 2009 பிப்ரவரி முதல் கலிபோர்னியா மாநில ஊழியர்களுக்கு மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை சம்பளமில்லா விடுப்பு. போதாக்குறைக்கு சாக்ரமெண்டோவில் வீட்டு விலைக் குமிழியும் உடைந்திருந்தது.

## பஃபலோ விழாததற்குக் காரணம்

பஃபலோ, ரோச்செஸ்டர், சிரக்யூஸ் ஆகிய நியூயார்க் மாநில ஊர்களில் வீட்டு விலை பெரிதாக விழவில்லை. ஏறியிருந்தால்தானே விழ? வீட்டு விலையை மட்டும் பார்த்துத் தரம் பிரிக்கும் பட்டியலில் இவை மேலே வரும். அங்கே ஏற்கெனவே வீடு வைத்திருந்தவருக்கு அது உண்மையிலேயே நிம்மதி. வேலை தேடி ஒரு ஊருக்குப் போக நினைப்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. அதனால் யார் கண்ணோட்டத்தில் 'நல்ல ஊர்' என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## அதே ஊர், வேறு மந்தம்

1980களில் ஹூஸ்டன் 2 லட்சத்துக்கு மேல் வேலைகளை இழந்தது. 1986ல் எண்ணெய் 10 டாலர் பக்கம் விழுந்தபோது நாடு வளர்ந்துகொண்டிருந்தது. ஹூஸ்டனுக்கு மட்டும் தனி மந்தம். 2001 மந்தத்தில் அடி வாங்கியது சான் ஹோசே. இணைய நிறுவனங்கள் சரிந்ததில் அந்த ஊரின் வேலைகளில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குப் போயிற்று. 2008ல் தப்பிய வாஷிங்டன், 2013ல் ஃபெடரல் அரசு செலவை வெட்டியபோது நாட்டைவிட மெதுவாக நகர்ந்தது.

2020ல் கொரோனா மந்தம் எல்லாக் கணிப்பையும் புரட்டிப்போட்டது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, இரண்டே மாதம். மந்தத்துக்கு அசையாதவை என்று பேர் வாங்கிய மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. கல்லூரி ஊர்கள் காலியாயின. லாஸ் வேகாஸ் இந்த முறையும் அடி வாங்கியது, காரணம் மட்டும் வேறு: கட்டடம் அல்ல, மூடப்பட்ட விடுதிகள். 2020 ஏப்ரலில் அங்கே வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியுள்ள தொழில்கள் நிறைந்த யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி, ப்ரோவோ போன்ற ஊர்கள் சீக்கிரம் நிமிர்ந்தன.

## நீங்களே ஒரு ஊரைச் சோதிக்க

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகமும் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியும் எல்லாப் பெருநகரப் பகுதிகளின் எண்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. முதலில் விவசாயம் நீங்கலான மொத்த வேலைகள் என்ற வரிசையை எடுங்கள். பருவத் திருத்தம் செய்ததாக இருக்க வேண்டும். திருத்தாததை எடுத்தால், கிறிஸ்துமஸ் முடிந்து கடைகள் தற்காலிக ஆட்களை அனுப்பும் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு குட்டி மந்தமாகத் தெரியும்.

அடுத்து, நாட்டின் உச்சி மாதத்தை அந்த ஊரின் மேல் திணிக்காதீர்கள். ஊரின் சொந்த உச்சி எது, சொந்த அடிமட்டம் எது என்று தேடுங்கள். 2007 டிசம்பரிலிருந்து எண்ணினால் ஹூஸ்டன் உண்மையைவிடக் குறைவாக விழுந்ததாகத் தெரியும், ஏனெனில் அதற்குப் பிறகும் சில மாதம் அங்கே வேலைகள் கூடின. இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உச்சியிலிருந்து எத்தனை சதவீதம் விழுந்தது, பழைய உச்சிக்குத் திரும்ப எத்தனை மாதம் ஆனது. பக்கத்திலேயே மக்கள்தொகையையும் வையுங்கள். வேலை 3 சதவீதம் கூடி மக்கள் 8 சதவீதம் கூடியிருந்தால் அது மீட்சி ஆகாது.

பிறகு ஊரின் மூன்று பெரிய தொழில்களுக்குச் செறிவு எண் போடுங்கள். ஒன்று 3ஐத் தாண்டினால், அந்தத் தொழிலின் வாடிக்கையாளர் யார், கடனில் வாங்குகிறாரா, வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். கடைசியாக ஒரு எச்சரிக்கை: ஊர் அளவிலான வேலை எண்கள் முதலில், சில நிறுவனங்களை மட்டும் கேட்டு எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. ஒவ்வொரு வருடமும் மார்ச் வாக்கில், நிறுவனங்கள் தாக்கல் செய்யும் வேலையின்மைக் காப்பீட்டு வரிப் பதிவுகளோடு சரிபார்த்து அவற்றைத் திருத்துவார்கள். சிறிய ஊர்களில் ஏற்றம் இறக்கமாகவே மாறிவிடுவதும் உண்டு. ஆகவே மந்தம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளிவரும் பட்டியலை, அடுத்த மார்ச் வரை பென்சிலால் எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.